நடனத் தவளையின் பெயரை எழுதுவதற்கு முன்

மேற்குத் தொடர்ச்சி மலையில் நடனத் தவளையைப் பார்த்ததும் நோட்டில் இனப்பெயரை எழுதிவிடாதீர்கள். முதலில் ஓடையை எழுதுங்கள். என் பழைய நோட்டுகளில் வயநாட்டில் பார்த்ததும் ஆனைமலையில் பார்த்ததும் ஒரே 'சாக்சிகோலா' என்ற இனப்பெயர்தான். எந்த ஓடை என்று குறிக்காத பக்கங்களை இன்று எதற்கும் பயன்படுத்த முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

2014இல் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜுவும் உடன் உழைத்தவர்களும் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து நடனத் தவளைகளின் பேரினமான மிக்ரிக்சாலஸில் 14 புது இனங்களை விவரித்தார்கள். மொத்தம் 24 ஆனது. மிக்ரிக்சாலிடே குடும்பத்தில் இருப்பது இந்த ஒரு பேரினம்தான். அதுவும் இந்த மலைத்தொடரில் மட்டுமே.

முதலில் பேரினத்தை உறுதி செய்யுங்கள். பருவமழை ஓய்ந்து ஓடை தெளியும் மாதங்களில், பகலில் போங்கள். பாறையிலிருந்து பத்தடி தள்ளி, அசையாமல் உட்காருங்கள். நான் ஒருமுறை முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். கட்டைவிரல் அளவே உள்ள ஆண் தவளை பின்னங்காலை நீட்டி, விரல்களை விரித்துச் சவ்வைக் காட்டும். தண்ணீர் இரைச்சலில் குரல் மட்டும் எடுபடாது என்பதால் காலாலும் சேதி சொல்கிறது. இதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கால் அசைக்காமல் உட்கார்ந்திருந்தால்? கண்ணைப் பாருங்கள். அதே ஓடையில் இருக்கும் நிக்டிபட்ராகஸ் தவளைக்குக் கண்மணி சாய்சதுரமாக இருக்கும், தோல் சுருங்கியிருக்கும். மிக்ரிக்சாலஸின் கண்மணி கிடையானது.

அப்புறம் இடம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கா, தெற்கா? தெற்கு என்றால், செங்கோட்டைக் கணவாயைத் தாண்டியா? பல இனங்களின் பெயரிலேயே ஊர் இருக்கிறது: கோதையாறுப் பக்கத்தின் 'கோடயாரி', நெல்லியாம்பதியின் 'நெல்லியாம்பதி', சிக்கமகளூருப் பக்கத்துக் கொட்டிகேஹாராவின் 'கொட்டிகேஹாரென்சிஸ்'.  இந்தக் கடைசி இனத்தின் நடனத்தைப் பற்றிய பழைய குறிப்பே சாக்சிகோலா என்ற பெயரில்தான் வந்தது, பிறகு திருத்தினார்கள்.

ஆனால் ஊரை மட்டும் வைத்துப் பெயர் சூட்டாதீர்கள். ஒரே மலையில் இரண்டு இனங்கள் இருக்கலாம். உயரம், ஜி.பி.எஸ். புள்ளி, தேதி, மேலே மரநிழல் உண்டா என்பதைக் குறியுங்கள். பக்கவாட்டு முகம், முதுகு, கால் சவ்வு ஆகியவற்றைப் படமெடுங்கள். தெளிவில்லை என்றால் 'மிக்ரிக்சாலஸ், இனம் உறுதியில்லை' என்று எழுதுங்கள். அது நேர்மையான பதிவு, பின்னால் ஒருவர் சரிபார்க்கலாம்.

ஓடைக்குள் இறங்கி மணலைக் கிளறவே வேண்டாம். இந்தப் பேரினத்தின் ஹெர்ரெய் இனத்தில், தலைப்பிரட்டைகள் மணலுக்குள் புதைந்து வாழ்வது 2016இல்தான் தெரியவந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் தவளையைக் கையில் எடுக்காதீர்கள். அடுத்த ஓடைக்குப் போகுமுன் காலணியைத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை ஈரத்தோடு பயணிக்கும்.