கேரள கேமரா அபராதம்: கட்டும் முன் படத்தைப் பாருங்கள்

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் ஆகிய தமிழ்நாடு-கேரள எல்லை ஊர்கள் வழியாக வேலைக்கும் சந்தைக்கும் போய்வருகிறவர்களுக்குக் கேரள மோட்டார் வாகனத் துறையின் அபராதச் செய்தி புதிதல்ல. 'சேஃப் கேரளா' சாலைப் பாதுகாப்புத் திட்டத்தின் 726 கேமராக்களில் பதிவாகும் விதிமீறல்களுக்கு 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கிறார்கள். செய்தி வந்ததும் சிலர் பயந்து உடனே கட்டிவிடுகிறார்கள். சிலர் 'தமிழ்நாட்டு வண்டிதானே' என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு.

கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டு விவகாரத்தை முடித்துக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு 'அது என் வண்டியே இல்லை' என்று நிரூபித்துப் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. கட்டாமல் விட்டாலோ, ஆர்சியில் பெயர் மாற்றப் போகும் நாளில் நிலுவை குறுக்கே நிற்கும். வாகனப் பதிவு விவரம் நாடு முழுவதற்கும் ஒரே தளத்தில் இருக்கிறது. மாநில எல்லை காப்பாற்றாது.

முதலில் படத்தைப் பாருங்கள். செய்தியோடு வந்த இணைப்பைத் தொட வேண்டாம். இதே பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கும்பல்கள் இருக்கின்றன. அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய்ச் சலான் எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்த்த 167ஏ விதிப்படி, நோட்டீஸில் நம்பர் பிளேட் தெரியும் படம், தேதி, நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு, வேகம் என்றால் கருவி காட்டிய அளவு எல்லாம் இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். கேமரா உள்ள பகுதிக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியின் மாடலும் நிறமும் உங்களுடையதா? நம்பரில் ஓர் எழுத்தைக் கேமரா மாற்றிப் படித்திருக்கிறதா? சீட் பெல்ட் வழக்கு என்றால் கறுப்புச் சட்டையில் கறுப்பு பெல்ட் தெரியாமல் போயிருக்கலாம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நோட்டீஸ் தாமதமாக வந்திருந்தால் உறையையும் குறுஞ்செய்தியையும் பத்திரப்படுத்துங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி வழக்காட வேண்டாம்.

வாயால் மறுப்பது போதாது. 'நான் அன்று அங்கே போகவே இல்லை' என்பவர் ஃபாஸ்டேக் கணக்கை எடுக்க வேண்டும். பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியை வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்பது அதில் இருக்கும். கடை, பெட்ரோல் பங்க் சிசிடிவி பதிவுகள் சீக்கிரம் அழிந்துவிடும். செய்தி வந்த அன்றே போய்க் கேளுங்கள்.

'எங்கள் ஊரில் இந்த வேகம் சரி' என்ற வாதம் எடுபடாது. கேரளத்தில் 2023 ஜூலை முதல் இருசக்கர வாகனத்துக்கு உச்ச வேகம் 60 கிலோமீட்டர்தான். 'யாரும் நிறுத்தவில்லையே' என்பதும் கேமரா வழக்கில் பேச்சாகாது. ஓட்டியது மைத்துனர் என்றால் மழுப்பாதீர்கள். கேட்டால் ஓட்டியவரின் விவரத்தைத் தருவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 133ஆம் பிரிவின்படி உரிமையாளரின் கடமை. வண்டியை விற்றும் ஆர்சியில் பெயர் மாறாமல் இருந்தால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். விற்பனைத் தாள்களோடு பதில் கொடுங்கள்.

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழர்கள் பலர் மலையாளத்தில் எழுதத் தெரியாமல் புகாரையே கைவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதியின் தமிழர்கள் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தர வேண்டும் என்கிறது. தமிழில் எழுதுங்கள், சலான் எண்ணைத் தலைப்பில் போடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

புகார் தீராமல் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (இணையவழி நீதிமன்றம்) போனால், அங்கே கட்டுவது, எதிர்ப்பது என்று இரு வழி உண்டு. எதிர்த்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். நேரில் வரச் சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள். போக முடியாதென்றால் முன்பே வழக்கறிஞர் மூலம் மனு கொடுத்துவிடுங்கள்.