தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் எடை தூக்குவது எப்படி

இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து. தோள் மூட்டோ சின்னத் தட்டில் வைத்த பந்து. கை எல்லாப் பக்கமும் சுழல்வதற்காக அப்படி அமைந்திருக்கிறது. பந்து தட்டைவிட்டு நழுவாமல் பிடித்துக்கொள்வது ரொட்டேட்டர் கஃப் என்னும் 4 சிறு தசைகள். மார்புத் தசையும் தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையும் வேகமாக வலுவாகிவிடும், இந்த நான்கும் பின்தங்கிவிடும். தோள் வலிக்கு இது ஒரு காரணம். அதைவிட அதிகமாகக் கண்ணில் படுவது, முழங்கையையும் முதுகுப்பக்கத் தோள் எலும்பையும் தப்பான இடத்தில் வைத்துக்கொண்டு எடையை ஏற்றுவதுதான்.

பெஞ்ச் பிரஸ்

பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடை மாட்டும் நீளக் கம்பியான பாரை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளும் பயிற்சி இது. அதிகம் பேர் தோளைக் கெடுத்துக்கொள்ளும் இடம் இதுதான். அதுவும் முதல் ரெப்புக்கு (ஒருமுறை இறக்கி ஏற்றுவது ஒரு ரெப்) முன்பே ஆரம்பித்துவிடுகிறது. பாரைத் தாங்கும் ரேக் கொக்கி உயரமாக இருந்தால், பாரை வெளியே எடுக்கத் தோளை மேலே தள்ள வேண்டிவரும். பின்னால் இழுத்து வைத்த தோள் எலும்புகள் அப்போதே விலகிவிடும். படுத்துப் பாரைப் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். கையை நீட்டினாலே பார் கொக்கியிலிருந்து 3 முதல் 5 செ.மீ. எழும்பினால் உயரம் சரி. எடை கூடும்போது பாரை எடுத்துக் கொடுக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

பாரை எடுப்பதற்கு முன் இரண்டு தோள் எலும்புகளையும் முதுகுப்பக்கம் ஒன்றையொன்று நெருங்கும்படி இழுத்து, இடுப்பை நோக்கி இறக்குங்கள். செட் (இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுதி) முடியும் வரை அந்தப் பிடி தளரக்கூடாது. கடைசி ரெப்பில் இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமே என்று தோளோடு சேர்த்துத் தள்ளுவதும் தளர்வுதான்.

பார் நெஞ்சைத் தொடும்போது மேல்கை உடம்போடு 45 முதல் 60 டிகிரிக்குள் இருக்கட்டும். 90 டிகிரிக்கு விரித்தால் மூட்டின் முன்பக்கம் இழுபடும். பார் கழுத்துப் பக்கமாக இறங்கினால் முழங்கை தானாகவே விரியும். அதனால் முலைக்காம்புக் கோட்டிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இறக்குங்கள். பிடி அகலத்துக்கு ஒரு சோதனை: பார் நெஞ்சில் இருக்கும்போது முன்னங்கை செங்குத்தாக நிற்க வேண்டும். பாரில் 81 செ.மீ. இடைவெளியில் வளையக் கோடுகள் இருந்தால், பெரும்பாலோருக்குச் சுண்டுவிரல் அந்தக் கோட்டிலோ உள்ளேயோ வந்தால் போதும்.

டம்பெல்லில் ஆபத்து செட் முடிந்த பிறகுதான். களைத்த கையைப் பக்கவாட்டில் விரித்துத் தரையில் போடுவது தோளைத் திருகிவிடும். முழங்கால்களை மேலே கொண்டுவந்து, டம்பெல்லைத் தொடைமேல் வைத்து, அந்த வேகத்திலேயே எழுந்து உட்காருங்கள்.

தலைக்கு மேல் தூக்கும்போது

பெஞ்சில் கற்ற பழக்கத்தை இங்கே கொண்டுவரக்கூடாது. கை மேலே போகும்போது தோள் எலும்பும் கூடவே சுழன்று ஏற வேண்டும். அதைக் கீழே அழுத்திப் பிடித்தால் மூட்டுக்கு மேலுள்ள இடுக்கில் தசைநார் நசுங்க வாய்ப்புண்டு. முழங்கை பாருக்குச் சற்று முன்னே இருக்கட்டும். கழுத்துக்குப் பின்னால் இறக்கும் பிரஸ் பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. முதுகை வளைக்காமல் கையைக் காதோரம் கொண்டுபோக முடியாதவர்கள், பாரின் ஒரு முனையைத் தரையில் ஊன்றிச் செய்யும் லேண்ட்மைன் பிரஸ்ஸை எடுத்துக்கொள்ளலாம்.

டம்பெல்லோடு கையைப் பக்கத்தில் உயர்த்தும் லேட்டரல் ரெய்ஸில் கை நேர் பக்கவாட்டில் வேண்டாம். 20–30 டிகிரி முன்னே, கட்டைவிரல் சற்று மேலே பார்த்தபடி, தோள் உயரத்தோடு நிறுத்துங்கள். குடத்தைச் சாய்ப்பதுபோலச் சுண்டுவிரலைத் தூக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நின்றபடி பாரை உடம்பை ஒட்டி மேலே இழுக்கும் அப்ரைட் ரோவிலும் முழங்கை தோளைத் தாண்டக்கூடாது. இரண்டு கம்பிகளில் கையூன்றி உடம்பை இறக்கி ஏற்றும் டிப்ஸில் மேல்கை தரைக்கு இணையாக வந்ததும் மேலே ஏறிவிடுங்கள்.

தயாரிப்பும் சமநிலையும்

60 கிலோவில் செட் போடுபவர் நேரே 60-க்குப் போகக்கூடாது. வெறும் பாரில் (20 கிலோ) 12 ரெப், 35 கிலோவில் 6, 50 கிலோவில் 3, பிறகு 60. திட்டமிட்ட ரெப்கள் எல்லாம் ஒழுங்காக வந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டலாம்.

வாரத்தில் தள்ளும் செட்கள் 12 என்றால் இழுக்கும் செட்களும் குறைந்தது 12 இருக்கட்டும். ரொட்டேட்டர் கஃபுக்கு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்னும் ரப்பர் பட்டை போதும். விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். திரும்பி வர 3 விநாடி. 15 ரெப், 2–3 செட், வாரம் 2 முறை. துண்டு கீழே விழுந்தால் பேண்ட் உங்களுக்குக் கடினம் என்று அர்த்தம்.

வலி வந்துவிட்டால்

தசை எரிவது வேறு, மூட்டில் குத்துவது வேறு. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது 60 முதல் 120 டிகிரிக்குள் மட்டும் வலித்தாலோ, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போனாலோ, வலிக்கும் பயிற்சியை நிறுத்துங்கள். மற்றதை எல்லாம் நிறுத்த வேண்டியதில்லை. தரையில் படுத்துச் செய்யும் ஃப்ளோர் பிரஸ்ஸில் முழங்கை தரையில் முட்டி நின்றுவிடுவதால் மூட்டு ஆழமாக இழுபடாது; வலிக்கவில்லை என்றால் அதைத் தொடரலாம். 2 வாரத்தில் குறையாத வலிக்கு மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட். ‘டப்’ என்று சத்தம் கேட்டுக் கை தூக்க வராமல் போனாலோ, கை மரத்துப்போனாலோ, மூட்டு நழுவியதுபோல் இருந்தாலோ அன்றைக்கே போங்கள். வலி போன பிறகு பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். மறுநாள் காலை தோள் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த 2.5 கிலோ.