மேஜரை மாற்றுவதா, பிசினஸ் மைனர் சேர்ப்பதா? அமெரிக்காவில் இளநிலை படிப்பவர்களுக்கு

மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்துறையை, மாற்ற நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, இன்னும் எத்தனை செமஸ்டர் ஆகும் என்பதை. மீதி கிரெடிட்டை (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள அளவுப் புள்ளிகளை) மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள்.

பல்கலைக்கழக மாணவர் தளத்தில், பட்டத்துக்கு எது முடிந்தது, எது மீதி என்று காட்டும் டிகிரி ஆடிட் பக்கத்தைத் திறந்து, 'வாட்-இஃப்' பகுதியில் புதிய மேஜரைத் தேர்ந்தெடுங்கள். முடித்த பாடங்களில் எவை புதிய மேஜருக்குச் சேரும், எவை வெறும் எலெக்டிவாக (விருப்பப் பாடமாக) ஒதுங்கும் என்று அது காட்டும். பட்டத்துக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட். 60 முடித்திருக்கிறீர்கள், அதில் 20 எலெக்டிவுக்குப் போகிறது, புதிய மேஜரில் எலெக்டிவுக்கு இடம் 8 தான் என்றால், 12 கிரெடிட் வீண். மீதி 60 இல்லை, 72.

அடுத்து, முன்தேவைப் பாடங்களின் வரிசை. ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று நான்கு பாடங்கள் இருந்தால், ஒரே செமஸ்டரில் எத்தனை கிரெடிட் எடுத்தாலும் அந்த வரிசைக்கு நான்கு பருவம் தேவை. சில பாடங்கள் ஃபால் (இலையுதிர்கால) பருவத்தில் மட்டுமே நடக்கும். அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. பட்டம் வாங்கும் செமஸ்டரிலிருந்து பின்னோக்கி எழுதிப் பாருங்கள், எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

பிசினஸ் பள்ளிக்குள் மாறுவது பல இடங்களில் படிவம் நிரப்பும் வேலையோடு முடியாது. தனி விண்ணப்பம், குறைந்தபட்ச ஜிபிஏ (சராசரி மதிப்பெண்), கால்குலஸ், மைக்ரோ எகனாமிக்ஸ், அக்கவுண்டிங் போன்ற முன்தேவைகள் எல்லாம் உண்டு. மேஜர் மாறினாலும் பழைய மதிப்பெண்கள் கூடவே வரும். ஒரு பாடம் மோசமாகப் போகிறதென்றால் கடைசித் தேதிக்குள் விலகி 'டபிள்யூ' (விலகியதற்கான குறி) வாங்குவது, எஃப் வாங்கிய பிறகு மேஜர் மாற்றுவதைவிட நல்லது. எஃப்-1 மாணவர்கள் (மாணவர் விசாவில் வந்தவர்கள்) விலகும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும். அனுமதியின்றி அந்த செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால் விசா நிலையே பாதிக்கப்படும்.

மைனர் என்பது மேஜரோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடத்துறை; பொதுவாக 15 முதல் 18 கிரெடிட், அதாவது ஐந்தாறு பாடம். அக்கவுண்டிங்கையும் மைக்ரோ எகனாமிக்ஸையும் முதலில் முடியுங்கள்; ஃபைனான்ஸ் பாடம் பெரும்பாலும் அவற்றைக் கேட்கும். நான்காவது செமஸ்டருக்குள் தொடங்கினால் நெருக்கடி இருக்காது. ஒரே பாடத்தை மேஜருக்கும் மைனருக்கும் எத்தனை முறை கணக்கில் காட்டலாம், பாஸ்/ஃபெயில் முறையில் எடுத்தது செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எஃப்-1 மாணவர்கள் மிகவும் கவனிக்க வேண்டியது ஓபிடி, அதாவது படிப்பை ஒட்டி அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் அனுமதி. அந்த வேலை மேஜரோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். மைனரைக் காட்டி ஓபிடி வாங்க முடியாது. முதல் 12 மாதத்துக்குப் பிறகு கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) மேஜருக்கு மட்டுமே. அதைத் தீர்மானிப்பது, பல்கலைக்கழகம் எஃப்-1 மாணவருக்குத் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள சிஐபி எண், அதாவது பாடப்பிரிவின் வகைப்பாட்டு எண். பாடப்பிரிவின் பெயரைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். பொதுவான பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன், 52.0201, ஸ்டெம் பட்டியலில் இல்லை. மேனேஜ்மென்ட் சயின்ஸ், 52.1301, இருக்கிறது. எகனாமிக்ஸில் 45.0601 இல்லை, 45.0603 உண்டு. ஆகவே ஸ்டெம் பட்டியலில் உள்ள கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டுப் பொதுவான பிசினஸுக்குத் தாவுவதைவிட, அதையே வைத்துக்கொண்டு பிசினஸ் மைனர் சேர்ப்பதுதான் பெரும்பாலோருக்கு நல்ல வழி. படிப்பே பிடிக்கவில்லை என்றால் கதை வேறு. அப்போது மாறத்தான் வேண்டும், சிஐபி எண்ணைப் பார்த்து மாறுங்கள்.

மேஜர் மாறினால் டிஎஸ்ஓ (எஃப்-1 விவகாரங்களைப் பார்க்கும் பல்கலைக்கழக அதிகாரி) செவிஸில், அதாவது அரசின் மாணவர் விசா பதிவேட்டில், திருத்திப் புது ஐ-20 தருவார். படிப்பு நீளும் என்றால், ஐ-20 முடிவுத் தேதிக்கு முன்பே நீட்டிப்பு கேட்க வேண்டும். மேஜர் மாற்றத்தை அதற்கான காரணமாக விதியே ஏற்கிறது. மைனரை முடிக்க இன்னொரு செமஸ்டர் வேண்டும் என்பதைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை.

குடியுரிமை உள்ளவர்களுக்குச் சிக்கல் பணத்தில் வரும். எடுத்த கிரெடிட் பட்டத்தின் அளவில் 150 சதவீதத்தைத் தாண்டினால் மத்திய அரசின் கல்வி உதவி நிற்கும். 120 கிரெடிட் பட்டத்துக்கு அந்த எல்லை 180.

முதலில் புதிய துறையின் ஆலோசகர், பிறகு கல்வி உதவி அலுவலகம், எஃப்-1 என்றால் டிஎஸ்ஓ, கடைசியாகப் படிவம். மாற்றம் பதிவானதும் டிகிரி ஆடிட்டை மறுபடி எடுத்து, ஆலோசகர் தந்த திட்டத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். ஆலோசகர் ஒப்புக்கொண்டும் ஆடிட்டில் பதிவாகாமல் விடுபட்ட விதிவிலக்கை அந்த வாரமே சொன்னால் எளிதில் திருத்துவார்கள்.