எல்லாக் கயிறும் நைலான் கயிறு இல்லை

காரைக்குடியில் கடைக்குப் போய் நைலான் கயிறு கேட்டால், நீலத்திலோ மஞ்சளிலோ பளபளவென்று ஒரு சுருளை எடுத்துப் போடுவார்கள். பந்தல் கட்ட, தண்ணீர் இறைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பெயர்தான் நைலான், பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு பிரான்மலைப் பாறையில் ஏறக் கிளம்புவதுதான் முதல் தவறு.

சந்தேகமா? விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வாளித் தண்ணீருக்குள் குமிழ் அடங்கும்வரை பிசைந்து விடுங்கள். நைலான் மூழ்கும், பாலிப்ரொப்பிலீன் மிதக்கும். (பாலியெஸ்டரும் மூழ்கும், அதனால் மூழ்கியதுமே நைலான் என்று நம்பிவிட வேண்டாம்.) மிதக்கிற கயிறு வாளிக்கு நல்லது, ஆளுக்கு ஆகாது. நம் ஊர் வெயிலில் கிடந்தால் நொறுங்கித் தூள் கொட்டும். சுமார் 165 டிகிரியிலேயே உருகும் என்பதால், கயிறும் கயிறும் வேகமாக உரசினால் அறுந்துவிடலாம்.

அடுத்தது, "எத்தனை கிலோ தாங்கும்?" என்று மட்டும் கேட்பது. டைனீமா என்ற பாலிஎத்திலீன் நார்க் கயிறு அதே தடிமன் நைலானைவிடப் பல மடங்கு பலம். ஆனால் அது நீளவே நீளாது. விழுந்தால் அதிர்ச்சி முழுக்க உங்கள் இடுப்புக்கும், மேலே கயிறு கட்டிய இடத்துக்கும்தான். வழுக்கும் நார், முடிச்சும் நழுவும். பாறை ஏறுபவர்கள் நைலானில் செய்த டைனமிக் கயிற்றை வைத்திருப்பது அது நீளும் என்பதற்காகத்தான். ஈ.என். 892 என்ற ஐரோப்பியத் தரத்தின் சோதனையில் ஒற்றைக் கயிற்றில் 80 கிலோ எடையை விழவிடுவார்கள். முதல் விழுகையில் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. வீட்டு முகப்பில் தொங்கி வெள்ளையடிக்க, கிணற்றில் இறங்க, அதிகம் நீளாத ஸ்டாட்டிக் கயிறு போதும். அதை வைத்துப் பாறையில் முதல் ஆளாக ஏறாதீர்கள்.

தேங்காய்நார்க் கயிறு பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளே மக்கியிருப்பது வெளியே தெரியாது.

அப்புறம், வைக்கும் இடம். சுண்ணாம்பு போன்ற காரம் பாலியெஸ்டருக்கு ஆகாது, அமிலம் நைலானுக்கு ஆகாது. என் டைனமிக் கயிற்றைப் பட்டாலையில் இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்தில் பல மாதம் போட்டு வைத்திருந்தேன். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நம்ப முடியவில்லை. வாங்கிய விலை நினைவுக்கு வந்தது, தூக்கிப் போட மனசே இல்லை. இப்போது அது வளவில் துணிக்கொடி. ஈர வேட்டி போட்டால் தரைவரை தொய்கிறது.