பாடும் கௌபாய் படங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

கௌபாய் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது, வாயில் சுருட்டுடன் முறைத்துக்கொண்டு நிற்கும் அதிகம் பேசாத நாயகன்தான். அவனுக்கு முப்பது ஆண்டு மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவர்தான் பாடும் கௌபாய். இஸ்திரி கலையாத சட்டை, பூ வேலை செய்த காலர், கையில் கிதார். ஒரு மணி நேரப் படத்தில் ஐந்தாறு பாட்டுப் பாடிவிடுவார். நடுவில் நான்கு பேரை அடித்து வீழ்த்துவார், தொப்பி மட்டும் கீழே விழாது. அவருடைய படங்களை எங்கே தொடங்கி எப்படிப் பார்ப்பது என்று கேட்கும் நண்பர்களுக்கு வழக்கமாக நான் சொல்லும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1930-களில் அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துவிட்டது. கூட்டத்தை இழுக்க, தியேட்டர்காரர்கள் ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டத் தொடங்கினார்கள். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு உண்டு. கூட ஓடும் துணைப்படத்துக்கோ பெரும்பாலும் நிலையான வாடகைதான். படம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் வாடகை கூடாது. ஆகவே அந்தத் தொகைக்குள் செலவை அடக்கியாக வேண்டும். ரிபப்ளிக், மோனோகிராம், கிராண்ட் நேஷனல் போன்ற சிறிய ஸ்டுடியோக்கள் ஒரு வாரம், பத்து நாளில் ஒரு படம் என்று எடுத்துத் தள்ளியதற்குக் காரணம் இதுதான். ஆயிரம் மாடுகளை ஓடவிடவும் நகரத்தையே கொளுத்திக் காட்டவும் அவர்களிடம் பணம் இல்லை. ஆனால் ரேடியோவில் ஏற்கெனவே ஊரெல்லாம் கேட்டுப் பழகிய ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலை நம்பித்தான் படமே எடுத்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

படி 1: முழுப் பிரதிதானா என்று பாருங்கள்

இதைத் தவறவிட்டால் மீதிப் படிகளால் பயனில்லை. இந்தப் படங்களில் பலவற்றுக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டதால், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிக்கல் பிரதியில்தான். 1950-களில் இவற்றைத் தொலைக்காட்சிக்கு விற்றபோது, விளம்பரத்தோடு சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் வரவேண்டும் என்று 53, 54 நிமிடமாக வெட்டினார்கள். வெட்டுப்பட்டவற்றில் பாட்டும் நகைச்சுவையும் அதிகம். அப்படி வெட்டிய பிரதியைத்தான் நான் முதன்முதலில் பார்த்தேன். குதிரை ஓடுகிறது, துப்பாக்கி வெடிக்கிறது, திடீரென்று எல்லோரும் சமாதானமாகிவிடுகிறார்கள். இதையா கொண்டாடினார்கள் என்று மூடி வைத்துவிட்டேன். பல மாதம் கழித்து அதே படத்தின் முழுப் பிரதி கிடைத்தது. சமாதானத்துக்குக் காரணமான பாட்டு அதில் இருந்தது.

பார்க்கும் முன் படத்தின் உண்மையான நீளத்தைத் தேடிப் பாருங்கள். 60 முதல் 70 நிமிடம் ஓட வேண்டிய படம் 54 நிமிடத்தில் முடிந்தால் அதை விட்டுவிட்டு வேறு பிரதி தேடுங்கள்.

படி 2: முதல் படமாக 'அண்டர் வெஸ்டர்ன் ஸ்டார்ஸ்'

1938-இல் வந்தது. ஜோசப் கேன் இயக்கம். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அப்போது ரிபப்ளிக்கின் பெரிய நட்சத்திரம் ஜீன் ஆட்ரி. சம்பளத் தகராறு ஒரு பக்கம். தன் படம் வேண்டுமென்றால் ஸ்டுடியோவின் மற்ற படங்களையும் வாங்கியாக வேண்டும் என்று தியேட்டர்காரர்களைக் கட்டாயப்படுத்துகிறார்களே என்ற கோபம் இன்னொரு பக்கம். படப்பிடிப்புக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டார். அந்த இடத்தில் ஸ்டுடியோ நிறுத்தியது லெனர்ட் ஸ்லை என்ற இளைஞரை. 'சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ்' பாடகர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ராய் ராஜர்ஸ் என்று பெயர் வைத்து நாயகனாக்கினார்கள். ஒரே படத்தில் உயரத்துக்குப் போய்விட்டார்.

கதை அன்றைய செய்தித்தாளிலிருந்து வந்தது போல இருக்கும். மழை பொய்த்து நிலமெல்லாம் புழுதியாகப் பறக்கிறது, தண்ணீரைக் கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது. ராய் தேர்தலில் நின்று ஜெயித்து வாஷிங்டன் போகிறார். அங்கே ஒரு விருந்தில், பெரிய மனிதர்கள் முன்னால், புழுதிப்புயலின் படச்சுருளை ஓடவிட்டு அதன்மேல் 'டஸ்ட்' என்ற பாட்டைப் பாடுகிறார்.

இந்தக் காட்சியை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டு. காய்ந்த வயல், மண்ணில் புதைந்த வேலி, வறண்ட வானம். அப்போதைய செய்திப்படங்களில் சாதாரணமாகக் கிடைக்கக்கூடிய துண்டுகள். அவற்றைச் சேர்க்கப் பெரிதாகச் செலவில்லை. அப்புறம் ஒலியோடு பாருங்கள். அந்தத் துண்டுகளெல்லாம் ஒரு குடும்பத்தின் கதையாகிவிடும். அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. இந்தப் படம் 2009-இல், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. துணைப்படமாகப் பிறந்த ஒன்றுக்கு இது சின்ன மரியாதையல்ல.

படி 3: பாட்டுக் கணக்கு எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டே கேள்வி: யார் கேட்கிறார்கள்? பாட்டு முடிந்தபோது என்ன மாறியிருக்கிறது?

நாலைந்து படத்தில் வகை பிடிபட்டுவிடும். ஆரம்பத்தில் குதிரைமேல் பாடியபடி வருவது, ஆளை அறிமுகப்படுத்தும் பாட்டு. இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடுவது, சண்டைக்கு முன்னால் ஒரு மூச்சு. தோழன் பாடுவது சிரிக்க. ஆட்ரிக்குத் தோழன் ஸ்மைலி பர்னெட். குரலைத் தவளை மாதிரி ஆழத்துக்கு இறக்குவார், குழந்தைகளுக்கு அவரைத்தான் அதிகம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். கடைசி வகைதான் முக்கியம்: கதையையே திருப்பும் பாட்டு. கூட்டத்தைச் சமாதானப்படுத்தும், குற்றவாளியைத் தடுமாற வைக்கும், விலகிப் போன பெண்ணைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

இதன் உச்சம் 1935-இல் வந்த 'த ஃபாண்டம் எம்பயர்' என்ற 12 பாகத் தொடர். ஆட்ரி தன் பண்ணையிலிருந்து தினமும் குறித்த நேரத்தில் ரேடியோவில் பாடியாக வேண்டும், தவறினால் பண்ணை கைவிட்டுப் போகும். இதற்கிடையில் பூமிக்கு அடியில் இயந்திர மனிதர்கள் உலவும் ஒரு ராஜ்ஜியம் அவரைப் பிடித்து வைக்கிறது! தப்பித்து, குதிரை ஏறி, மைக் முன்னால் வந்து நின்று பாட வேண்டும். உயிர் பிழைப்பதற்குச் சமமாகப் பாட்டையும் வைத்த இந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்புதான்.

பாட்டின்போது கண்ணையும் மூடிக்கொள்ளாதீர்கள். பாட்டுகளைப் பெரும்பாலும் ஸ்டுடியோவில் முன்பே பதிவு செய்து, வெளிப்புறத்தில் ஒலிக்கவிட்டு வாயசைத்தார்கள். மூன்று பேர் மட்டும் சேணத்தில் இருக்க, வயலினும் அக்கார்டியனும் எங்கிருந்தோ கேட்கும். நமக்கு இது புதிதல்ல என்பதால் உறுத்தாது. ஆட்ரியின் கிதாரையும் கவனியுங்கள். மார்ட்டின் கம்பெனி தன் முதல் டி-45 கிதாரை 1933-இல் செய்தது அவருக்காகத்தான். கம்பிகளுக்கு அடியில், விரல் வைக்கும் பலகையில், முத்துச்சிப்பி இழைத்து அவர் பெயரைப் பதித்துக் கொடுத்தார்கள்.

படி 4: சிக்கனத்தைத் தேடுங்கள்

இப்போது பாட்டை விட்டுவிட்டுச் சண்டையும் துரத்தலும் பாருங்கள். பாறைகளைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஐவர்சன் பண்ணை என்ற இடம், காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். அதே உருண்டைப் பாறையைப் பத்துப் படத்தில் பார்ப்பீர்கள், டெக்ஸஸ் என்பார்கள், அரிசோனா என்பார்கள். கொஞ்சம் காசு கூடினால் வடக்கே லோன் பைனுக்கு அருகிலுள்ள அலபாமா ஹில்ஸ். பின்னால் சியரா நெவாடாவின் பனிமலை தெரிந்தால் அதுதான்.

துரத்தும் காட்சியில் தூரத்து ஷாட்டையும் கிட்டத்து ஷாட்டையும் ஒப்பிடுங்கள். தூரத்தில் ஓடும் குதிரையின் காலில் வெள்ளைப் பட்டை இருந்து, கிட்டத்தில் காணாமல் போனால், அது பழைய படத்திலிருந்து எடுத்து ஒட்டிய துண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். இரவுக் காட்சியில் குதிரையின் அடியில் கூர்மையான நிழல் விழுந்தால், பட்டப்பகலில் எடுத்து இருட்டாக்கியது. இவற்றைக் குறை என்று எழுத வேண்டாம். இப்படி மிச்சம் பிடித்த நேரத்தில்தான் பாட்டுக்கு இரண்டு நிமிடம் நின்று எடுக்க முடிந்தது.

படி 5: காரைப் பார்த்துத் திகைக்காதீர்கள்

ஆட்ரியின் படங்களில் குதிரைக்குப் பக்கத்தில் கார் நிற்கும், டெலிபோன் மணி அடிக்கும். தவறல்ல. அவர் படங்கள் பலவும் அன்றைய காலத்திலேயே நடப்பவை. சனிக்கிழமை தியேட்டருக்கு வந்த சிற்றூர்க்காரர்களுக்குக் கடனும் வறட்சியும் அன்றாடக் கவலை. அதனால் வில்லனும் பெரும்பாலும் நிலத்தை அமுக்குகிறவன், அணையை வைத்து மிரட்டுகிறவன்.

படி 6: வழக்கமான வெள்ளைத் தொப்பி நாயகர்களுக்கு வெளியே

பெண்ணை நாயகியாக வைத்துப் பாட வைத்த முயற்சியும் நடந்தது. கிராண்ட் நேஷனலில் டாரதி பேஜ், 1939-இல் மூன்று படம். அதோடு நின்றுவிட்டது. ஒன்றாவது பாருங்கள்.

ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டியவர் ஹெர்ப் ஜெஃப்ரீஸ். இனம் பிரித்து உட்கார வைத்த காலத்தில், கறுப்பினத்தவரின் தியேட்டர்களுக்காக, கறுப்பின நடிகர்களையே வைத்து எடுத்த கௌபாய் படங்களின் நாயகன். 1937 முதல் 1939 வரை நான்கு படம். கலிபோர்னியாவில் விக்டர்வில் பக்கம் ஒரு கறுப்பினத் தம்பதி நடத்திய பண்ணை விடுதியிலேயே படம் பிடித்தார்கள். 'த பிரான்ஸ் பக்கரூ'விலிருந்து தொடங்குங்கள். ரிபப்ளிக்கை விடவும் பணம் குறைவு என்பது சுவரிலும் வெளிச்சத்திலும் தெரியும். ஜெஃப்ரீஸ் வாயைத் திறந்ததும் அது மறந்துபோகும். பின்னாளில் ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் 'ஃப்ளமிங்கோ' என்ற பாட்டைப் பாடிப் புகழ்பெற்ற அதே குரல். உங்கள் நோட்டில் இந்தப் படத்துக்கும் அதே இரண்டு கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். 'யார் கேட்கிறார்கள்' என்ற இடத்தில், திரைக்கு உள்ளே இருப்பவர்களோடு, 1939-இல் அந்தத் தியேட்டரில் உட்கார்ந்து, தன்னைப் போன்ற ஒருவர் குதிரைமேல் பாடிக்கொண்டு வருவதை முதன்முறையாகப் பார்த்த ஒரு பையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.