தடுப்புச் சுவர்க் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

நீலகிரியில் மழை விட்டால் போதும், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கே பார்த்தாலும் மண் சரியாமல் தாங்கும் தடுப்புச் சுவர் வேலைதான். அதில் ஒன்று அடுத்த மழையில் சரிந்தால் இயற்கைச் சீற்றம் என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம், அஸ்திவாரம் எத்தனை அடி போட்டார்கள் என்பதும் மண்ணோடு போய்விடும். கமிஷன் அடிக்க மலையில் இதைவிடத் தோதான வேலை கிடையாது.

தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லேயே வந்துவிட்டது, அப்புறம் ஆன்லைன் டெண்டரும் வந்தது. ஆனால் இதெல்லாம் வேலை யாருக்கு என்பதோடு நின்றுவிடுகிறது. தில்லுமுல்லு நடப்பது அளவு எடுக்கும்போது, பொறியாளர் எம்.புக்கில், அதாவது வேலையின் அளவைக் குறிக்கும் புத்தகத்தில், எழுதுவதுதான் பில். தட்டிக் கேட்க கவுன்சிலர் இருக்கிறாரே என்றால், 2016 அக்டோபர் முதல் 2022 வரை நகராட்சிகளில் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர் ராஜ்யம். ஜெயித்து வந்தவருக்கும் தேர்தலில் போட்ட காசை எடுக்க வேண்டுமே!

அதனால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் "ஊழல், விசாரியுங்கள்" என்று மனு கொடுத்துப் பிரயோஜனமில்லை. அது சுற்றி அதே அலுவலகத்துக்குத்தான் போகும். அதிகாரிகள் எடுத்த முடிவை விசாரிக்கவே அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தையே திருத்திவிட்டார்கள்.

காகிதத்தைக் கேளுங்கள். சுவர் நெடுஞ்சாலைத் துறையுடையதா, நகராட்சியுடையதா என்று பார்த்து, அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1) என்று போட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். "ஏன்" என்று ஒரு கேள்வியும் வேண்டாம், அதற்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்.புக் பக்கங்கள், பணம் கொடுத்த பில், சுவர் விழுந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் கட்டித்தர வேண்டிய காலம் எவ்வளவு: இவற்றின் நகல் மட்டும். பிரிவு 2(j) வேலையை நேரில் பார்க்கவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதிலுக்கு 30 நாள் அவகாசம், அதற்குள் அஸ்திவாரக் குழியை மூடிவிடுவார்கள். ஆகவே தோண்டிய அன்றே டேப்பை இறக்கி, தேதி தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். எம்.புக் நகல் வந்ததும் ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறை மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். தகவல் தராத அலுவலருக்கு அபராதம் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000. பல லட்ச ரூபாய்ச் சுவருக்கு இது ஒரு தொகையா?

சின்ன ஊர், மனு போட்டது யார் என்று மாலைக்குள் கான்ட்ராக்டருக்குத் தெரிந்துவிடும். எனவே வார்டில் மூன்று நான்கு பேர் தனித்தனியாக அதே மனுவைப் போடுங்கள்.