ஒபிஸ் அவுட்லுக் கலண்டரை வீட்டு லப்டொப்புக்கு கொண்டு போறது எப்பிடி?

ஒபிஸ் கொம்பியூட்டரில கலண்டர் நிரம்பி வழியும், வீட்டு லப்டொப்பில அதே அவுட்லுக் வெறுமையாக் கிடக்கும், நல்லூர்த் தேருக்கு லீவு போட்டிட்டு அண்டைக்கு என்ன மீட்டிங் எண்டு கேக்கிறதுக்கு ஆருக்கோ கோல் எடுக்கோணும். இனி அந்தக் கரைச்சல் வேண்டாம்.

முதல்ல உங்கட மெயில் எந்த வகை எண்டு பாருங்கோ. எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசொப்ட் 365 எண்டா, அதாவது மெயிலோட கலண்டரும் சேர்வரில இருக்கிற வகையெண்டா, ஒண்டும் செய்யத் தேவையில்லை, ஒபிசில அனுமதிச்சா வீட்டிலயும் அதே எக்கவுண்டைப் போடுங்கோ, கலண்டர் தானா வரும். பொப், ஐமேப் எண்டா, அதாவது மெயிலை மட்டும் கொண்டு வாற வகையெண்டாத்தான் கலண்டர் அந்த ஒரு கொம்பியூட்டருக்குள்ளயே கிடக்கும். நான் சொல்லுறது பழைய கிளாசிக் அவுட்லுக்குக்கு, புது அவுட்லுக்கில மெனு வேற.

ஒபிசில அவுட்லுக்கைத் திறந்து பைல், பிறகு ஓப்பின் அன்ட் எக்ஸ்போர்ட், அதுக்குள்ள இம்போர்ட் எக்ஸ்போர்ட். வாற பெட்டியில எக்ஸ்போர்ட் டு எ பைல் எண்டதைத் தெரிஞ்சு நெக்ஸ்ட் குடுத்தா ரெண்டு வகை காட்டும், சிஎஸ்வி எண்ட வெறும் அட்டவணைப் பைலைத் தொடாதேங்கோ, ஒவ்வொரு திங்களும் வாற மீட்டிங்கை அது தனித்தனியா உடைச்சுப் போட்டிடும். அவுட்லுக் டேட்டா பைல், அதாவது பிஎஸ்டி, அதை எடுங்கோ. அடுத்த இடத்தில கலண்டரை மட்டும் தெரியுங்கோ, மேல இருக்கிற முழு எக்கவுண்டையும் தெரிஞ்சா மெயிலெல்லாம் சேர்ந்து வந்து பைல் பெருத்துப் போகும். பிறகு பிரவுஸ் போய் டெஸ்க்டொப்பில சேவ் பண்ணுங்கோ, பேரில திகதியையும் போட்டா நல்லம். பாஸ்வேர்ட் கேக்கும், அது இல்லாமல் பென் டிரைவ் பஸ்ஸில விழுந்தா ஆரும் திறக்கலாம், அதால ஒண்டு போடுங்கோ.

அவுட்லுக்கை மூடிப்போட்டு பைலை பென் டிரைவுக்கு கொப்பி பண்ணுங்கோ. சில ஒபிசில பென் டிரைவே போட விடமாட்டினம், அங்க ஐரி ஆக்களிட்ட முதல்லயே கேட்டுப்போட்டுச் செய்யுங்கோ.

வீட்ட வந்து பைலை முதல்ல லப்டொப்புக்குள்ள போட்டிட்டு, பென் டிரைவில வைச்சுத் திறக்காமல், அதே இம்போர்ட் எக்ஸ்போர்ட்டுக்குப் போங்கோ. இந்த முறை இம்போர்ட் ஃப்ரொம் அனதர் புரோகிராம் ஓர் பைல், பிறகு அவுட்லுக் டேட்டா பைல். டூப்ளிகேட்டை என்ன செய்யிறது எண்டு கேக்கிற இடம்தான் முக்கியம், டூ நொட் இம்போர்ட் டூப்ளிகேட்ஸ் குடுங்கோ, அலவ் டூப்ளிகேட்ஸ் எண்டதைக் குடுத்தா அடுத்த கிழமை திரும்ப ஏத்தேக்க எல்லாம் ரெண்டு ரெண்டா நிக்கும். கலண்டரைத் தெரிஞ்சு, எந்த எக்கவுண்டுக்குள்ள போகோணும் எண்டு காட்டிப்போட்டு பினிஷ்.

இது கொப்பிதான், ரெண்டு பக்கமும் தானா ஒத்துப்போகாது. ஒபிசில அழிச்ச மீட்டிங் வீட்டில அப்பிடியே நிக்கும், கையாலதான் அழிக்கோணும். அதால புதுசா எழுதுறதை ஒபிசில மட்டும் எழுதுங்கோ, வீட்டில சும்மா பாருங்கோ.

போயா லீவு ரெண்டு நாளா நீண்டு கிடந்தா, இல்லாட்டி மீட்டிங் நேரம் மாறிக் காட்டினா பைலில பிழை இல்லை, லப்டொப்பின்ர ரைம் சோன்தான். விண்டோஸ் செட்டிங்கில UTC+05:30 ஸ்ரீ ஜயவர்த்தனபுர எண்டிருக்கோ எண்டு பாருங்கோ. ரெண்டு கொம்பியூட்டரிலயும் அது ஒண்டா இருந்தபிறகு ஏத்துறதுதான் நல்லம்.